முதல் வார்டு போஸ்டிங்குக்குப் போகும் முதலாண்டு நர்சிங் மாணவிக்கு

கேள்வி இதுதான்: பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டர். வரும் திங்கட்கிழமை முதல் மாவட்டத் தலைமை மருத்துவமனையில், பெண்கள் மெடிக்கல் வார்டில் போஸ்டிங். என்னென்ன செய்யச் சொல்வார்கள்? முதல் நாளே ஊசி போட வேண்டியிருக்குமா? ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும் எனக்கு இந்தப் படிப்பு சரிப்பட்டு வருமா? கூடவே, "ஃபர்ஸ்ட் இயர்ல பெட் போடறதும் பிபி பாக்கறதும்தான், வேற ஒண்ணும் கத்துக்க மாட்டே" என்று ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்கா சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் 11 வருடம் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நர்சிங் ஃபவுண்டேஷன் (அடிப்படை நர்சிங் பாடம்) எடுக்கிறேன். அந்த அக்கா சொன்னது பாதி சரி. பெட் போடுவீர்கள், பிபி பார்ப்பீர்கள். ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள் என்றாரே, அங்கேதான் எனக்கு அவரோடு சண்டை.

முதலில் ஊசி பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் பாடத்திட்டத்தை செமஸ்டர் முறைக்கு மாற்றியது. அதன்படி முதல் செமஸ்டரில் ஃபவுண்டேஷன் ஒன்று: ஸ்கில் லேபில் 80 மணி நேரம், வார்டில் 160 மணி நேரம். இரண்டாவது செமஸ்டரில் ஃபவுண்டேஷன் இரண்டு: லேபில் 120, வார்டில் 320. மருந்து கொடுப்பது, ஊசி, ஆக்சிஜன், யூரின் டியூப் எல்லாம் இரண்டாவதில்தான் வருகின்றன. உங்களுக்கு இப்போது இருப்பது நோயாளியோடு பேசுவது, டி.பி.ஆர். (வெப்பம், நாடி, மூச்சு), பிபி பார்ப்பது, அதைப் பதிவது, கை கழுவுவது, படுக்கை போடுவது, புரட்டிப் படுக்கவைப்பது, எழுப்பி நடக்கவைப்பது, அட்மிஷன், டிஸ்சார்ஜ், முதலுதவி. ஆகவே திங்கட்கிழமை யாரும் உங்கள் கையில் சிரிஞ்சைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன செய்வது என்பதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் கொடுப்பார்கள்.

இந்த மணிக்கணக்கை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வையுங்கள். பரீட்சை எழுத 80 சதவீத வருகை போதும். ஆனால் பட்டம் கைக்கு வர வேண்டுமென்றால் பிராக்டிகலில் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். காய்ச்சல் என்று இரண்டு நாள் வார்டுக்கு வராதவர்கள், மற்றவர்கள் லீவில் ஊருக்குப் போகும்போது அந்த இரண்டு நாளை ஈடுகட்டிக்கொண்டிருப்பார்கள்.

லேபில் ரிட்டர்ன் டெமோ (டியூட்டர் செய்து காட்டியதை நீங்கள் திரும்பச் செய்து காட்டுவது) கொடுத்திருப்பீர்கள். அங்கே இருக்கும் பொம்மை நல்ல பிள்ளை. முனகாது, "ஏம்மா இத்தன பேரு வர்றீங்க" என்று கேட்காது, புரட்டினால் புரளும். அதன் கட்டிலில் விரிப்பைத் தவிர ஒன்றும் இருக்காது. வார்டுக் கட்டில் அப்படி இல்லை. கீழே எவர்சில்வர் தூக்கு, பிளாஸ்க், செருப்பு, மடித்துவைத்த பாய். தலைமாட்டில் பிஸ்கட் பாக்கெட், எக்ஸ்ரே கவர், சாமி படம். தலையணைக்கு அடியில் விபூதிப் பொட்டலமும் சில்லறைக் காசும். கம்பியில் காயும் துண்டு. இதையெல்லாம் எடுத்து, தூசி துடைத்து, விரிப்பை மாற்றி, மூலையை மடித்துச் செருகி, எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். விபூதிப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டால் அந்தப் பாட்டி நீங்கள் டிஸ்சார்ஜ் வரைக்கும் என்ன செய்தாலும் மனம் இளக மாட்டார்.

அக்கா கேலி செய்த பெட் மேக்கிங்குக்கு வருகிறேன். ஒரு நோயாளியைப் பற்றி அவருடைய படுக்கை சொல்வதைக் கேஸ் ஷீட் சொல்லாது. விரிப்பு ஈரமாக இருக்கிறதா? ராத்திரி யாரையும் எழுப்பக் கூச்சப்பட்டுப் படுக்கையிலேயே போயிருக்கிறார், அல்லது அடக்க முடியவில்லை. இரண்டும் ஸ்டாஃபுக்குத் தெரிய வேண்டிய செய்தி. விரிப்புக்கடியில் இரண்டு மாத்திரை கிடக்கிறதா? காலையில் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தவர் பிறகு துப்பி ஒளித்துவைத்திருக்கிறார். பிரஷர் ஏன் குறையவில்லை என்று ரௌண்ட்ஸில் யோசித்துக்கொண்டிருப்பார்கள், காரணம் உங்கள் உள்ளங்கையில் இருக்கும். இட்லிப் பொட்டலம் பிரிக்காமலே இருக்கிறதா? இன்சுலின் போட்ட பிறகும் அவர் சாப்பிடவில்லை என்றால் அது அவசரம், ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய அவசரம்.

படுத்த படுக்கையாக இருப்பவரை ஒருக்களிக்கவைத்து விரிப்பை மாற்றும்போது அவர் முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் பார்க்க உங்களுக்கு ஒரு நிமிடம் கிடைக்கும். பெரும்பாலான நாட்களில் அந்த இடத்தைப் பார்க்கும் ஒரே ஆள் நீங்கள்தான். படுக்கைப்புண் அங்கேதான் ஆரம்பிக்கும். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தி எடுத்ததும் வெளுத்து, பிறகு பழைய நிறம் வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், தோல் கிழியாமல் இருந்தாலும். இதில் புத்தகம் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. புத்தகத்துப் படங்களில் எல்லாம் வெள்ளைத் தோல். நம் மாநிற, கறுப்புத் தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்தோ லேசான ஊதா சாயலிலோ இருக்கும். சில சமயம் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது, தொட்டால்தான் அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருப்பது புரியும். புறங்கையை வைத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்ற விதியைப் பரீட்சைக்கு எல்லோரும் எழுதுவார்கள். எட்டு மணிக்கு இடப்பக்கம் படுக்கவைத்தீர்கள் என்றால் பத்து மணிக்குத் திரும்பிப் போகிறீர்களா என்பதுதான் வார்டில் கேள்வி.

இனி டி.பி.ஆர். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

எந்த வார்டிலாவது டி.பி.ஆர். சார்ட்டை எடுத்து மூச்சுக் கணக்கு எழுதிய கட்டங்களை மட்டும் பாருங்கள். 20, 20, 22, 20, 20. நாற்பது கட்டிலிலும் நாற்பது பேரும் ஒரே மாதிரி மூச்சு விடுகிறார்கள். இதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. நானும் எழுதியவள்தான்.

எங்கள் முதலாண்டில், நான் பயின்ற ஒரு மருத்துவமனையில், ஒரு பாட்டிக்கு டி.பி.ஆர். எடுத்தேன். காய்ச்சல் என்று அட்மிட் ஆனவர். வெப்பம் எழுதினேன், நாடி எழுதினேன், மூச்சுக்கு 20 போட்டேன். எங்கள் டியூட்டர் சார்ட்டை வாங்கிப் பார்த்தார்.

"எண்ணினியா?"

"எண்ணினேன் மேம். பாட்டி நல்லாத் தூங்கறாங்க."

அவர் ஒன்றும் பேசாமல் கட்டில் ஓரத்தில் நின்று, பாட்டியின் மணிக்கட்டை நாடி பார்ப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, கையைப் பாட்டியின் மார்போடு சேர்த்து வைத்தார். வாட்ச்சைப் பார்த்தார். ஒரு முழு நிமிடம். வார்டில் ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"முப்பத்தி ரெண்டு. அவங்க தூங்கல. மூச்சு விட்டு விட்டுக் களைச்சுப்போய்க் கிடக்கறாங்க."

டியூட்டி டாக்டர் வந்தார். நிமோனியா. ஆக்சிஜன் வைத்தார்கள், பக்கத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பாட்டி பிழைத்து வீட்டுக்குப் போனார். நான் எழுதிய 20-ஐ நம்பி அடுத்த ஷிஃப்ட் வரைக்கும் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டியூட்டர் சொல்லவில்லை. தண்டனையாக ஒரு வாரம் எனக்கு ஒரே வேலை கொடுத்தார்: தினமும் வார்டில் எல்லோருடைய மூச்சையும் எண்ணு, வேறு எதையும் தொடாதே.

ஒருவருடைய நிலை மோசமாகப் போவதை உடல் முதலில் காட்டும் இடங்களில் மூச்சு முக்கியமானது. பிபி கடைசி வரைக்கும் தாக்குப்பிடித்துவிட்டுத் திடீரென்று விழும், மூச்சு பல மணி நேரம் முன்னாலேயே ஏற ஆரம்பிக்கும். இங்கிலாந்தில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. அதில் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு வரை இருந்தால் பூஜ்யம். 21 முதல் 24 என்றால் 2 மதிப்பெண். 25-ஐத் தொட்டால் 3, அதாவது ஒரே அளவீட்டுக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்ச ஆபத்து மதிப்பெண். இப்போது சார்ட்டில் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் அந்த 20 எங்கே விழுகிறது பாருங்கள். யாரையும் எழுப்பாத எல்லைக்குள் சரியாக விழுகிறது.

எண்ணும்போது "மூச்ச எண்ணப் போறேன்" என்று சொல்லாதீர்கள். சொன்னால் யாரும் இயல்பாக மூச்சு விட மாட்டார்கள், நீங்களும் நானும் உட்பட. நாடி பார்த்து முடித்ததும் மணிக்கட்டை விடாமல் கண்ணை மட்டும் மார்புக்கு மாற்றுங்கள். சேலை, போர்வை மூடியிருந்தால் அசைவு தெரியாது. அதற்குத்தான் அந்தக் கையை அவர் மார்பின் மேல் வைப்பது, உங்கள் கை ஏறி இறங்கும். ஏறி இறங்குவது சேர்ந்து ஒன்று. முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவதில் ஒரு மூச்சு தவறினால் கணக்கில் நான்கு தவறும்.

நாடிக்குக் கட்டைவிரலைப் பயன்படுத்த வேண்டாம், அதில் உங்கள் நாடியே துடிக்கும். அக்குளில் வெப்பம் எடுத்தால் முதலில் வியர்வையைத் துடையுங்கள். வாயில் எடுப்பதைவிட அங்கே சுமார் அரை டிகிரி செல்சியஸ் குறைவாகக் காட்டும், எங்கே எடுத்தீர்கள் என்றும் சேர்த்து எழுத வேண்டும்.

பிபி பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை, ஸ்டெத் மாட்டிக்கொள்ளலாம் அல்லவா. தப்பு நடப்பதும் அங்கேதான் அதிகம். கையில் சுற்றும் பட்டையான கஃப் கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். பருமனான கைக்குச் சின்ன கஃப் சுற்றினால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும். கை இதயத்தின் உயரத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும், கட்டிலுக்கு வெளியே தொங்கினாலும் அளவு ஏறும். இப்போதுதான் பாத்ரூம் போய் நடந்து வந்தவரை ஐந்து நிமிடம் உட்காரவைத்த பிறகு பாருங்கள். முதலில் ஸ்டெத் இல்லாமல், மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டு கஃப்பை ஊதுங்கள். நாடி எந்த எண்ணில் மறைகிறதோ அதைக் குறித்துக்கொண்டு காற்றை இறக்கிவிடுங்கள். பிறகு ஸ்டெத் வைத்து அந்த எண்ணுக்கு மேல் 30 வரை ஏற்றி, விநாடிக்கு 2 அல்லது 3 மி.மீ. வீதம் இறக்குங்கள். "எதுக்கு மேம் ரெண்டு தடவை?" என்று எல்லா பேட்ச்சிலும் கேட்பார்கள். சிலருக்கு, முக்கியமாகப் பிரஷர் அதிகமுள்ள வயதானவர்களுக்கு, நடுவில் சத்தம் காணாமல் போய்த் திரும்ப வரும். நாடி பார்க்காமல் குத்துமதிப்பாக 150 வரை ஊதினால், அந்த இடைவெளிக்குள் இறங்கி, 190 இருப்பவருக்கு 140 என்று எழுதிவிடுவீர்கள்.

சத்தம் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். முதல் வாரம் யாருக்கும் சரியாகக் கேட்காது. "120/80 போட்டுட்டேன் மேம்" என்பவர்களைவிட "எனக்கு கீழ் அளவு புடிபடல மேம்" என்று வந்து நிற்பவர்களைத்தான் எங்களுக்குப் பிடிக்கும். மார்பகத்தில் அறுவை செய்து அக்குளின் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கையிலும், டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையிலும் பிபி பார்க்கக் கூடாது. மெடிக்கல் வார்டில் ஃபிஸ்டுலா போட்டவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். சந்தேகமாக இருந்தால் அவரையே கேளுங்கள், எந்தக் கை என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அடுத்தது பேச்சு. தமிழ்நாட்டு வார்டில் உறவு சொல்லித்தான் ஆரம்பிக்கும்: பாட்டி, அம்மா, அக்கா, ஐயா. "பெட் நம்பர் பதினாலு" என்று அவர் காதுபடச் சொல்லாதீர்கள். ஸ்டாஃப் சொல்வார்கள், அவர்களுக்கு நாற்பது பேர். உங்களுக்கு இரண்டு மூன்று பேர்தான், பெயர் நினைவிருக்க வேண்டும். "அம்மா, நான் நர்சிங் ஸ்டூடண்ட், முதல் வருஷம். பிரஷர் பாக்கலாங்களா?" இவ்வளவு போதும். மாணவி என்பதை மறைக்க வேண்டாம். சிலர் "வேண்டாம்மா, பெரிய சிஸ்டர வரச் சொல்லு" என்பார்கள். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. "சரிங்கம்மா" என்று நகர்ந்து ஸ்டாஃபிடம் சொல்லுங்கள். மறுநாள் தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொடுக்கும்போது அவரே கையை நீட்டுவார். நீட்டாவிட்டாலும் பரவாயில்லை.

கூட இருக்கும் மகளோ மருமகளோ உங்களைப் பிடித்துக்கொள்வார்கள். ஸ்டாஃபிடம் கேட்கப் பயம், உங்களைப் பார்த்தால் அவர்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும். "ஏம்மா, ரிப்போர்ட்ல என்ன போட்டிருக்கு? அந்த வியாதியா?" உங்களுக்குத் தெரிந்தாலும் சொல்லாதீர்கள், தெரியாததை ஊகித்தும் சொல்லாதீர்கள். "டாக்டர் ரௌண்ட்ஸ் வரும்போது நீங்க பக்கத்துல இருங்கம்மா, நான் சிஸ்டர்கிட்டயும் சொல்லி வெக்கறேன்" என்று சொல்லி, சொன்னபடியே சிஸ்டரிடம் சொல்லுங்கள். வார்டில் போட்டோ எடுக்கவே கூடாது, யூனிஃபார்மில் எடுக்கும் செல்ஃபியில்கூடப் பின்னால் யாராவது ஒரு நோயாளி படுத்திருப்பார்.

ஸ்கிரீன் இல்லாமல் யாருடைய உடையையும் விலக்காதீர்கள். அரசு மருத்துவமனை வார்டில் ஸ்கிரீன் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதன் சக்கரமும் உருளாது. தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். தூக்கிக்கொண்டு வாருங்கள்.

கை கழுவுவதை லேபில் ஆறு படியாகச் செய்து காட்டியிருப்பீர்கள். சோப்பு போட்டுக் கழுவினால் மொத்தம் 40 முதல் 60 விநாடி, ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில் நான்கை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள்: நோயாளியைத் தொடுமுன், சுத்தமான புரொசீஜருக்கு முன், ரத்தமோ மற்ற உடல் திரவமோ பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின். மறப்பது ஐந்தாவதை. நோயாளியைத் தொடாமல் அவர் கட்டில் கம்பியையோ லாக்கரையோ தொட்டாலும் கழுவ வேண்டும். பெட் போட்டால் அதுதான் நடக்கிறது. க்ளவுஸ் போட்டிருந்தேன் என்பது பதில் ஆகாது, கழற்றியதும் கழுவ வேண்டும். அதே க்ளவுஸோடு மூன்று கட்டிலுக்குப் போவது க்ளவுஸே போடாமல் போவதைவிட மோசம்.

குப்பைக்கு வருவோம். 2016 உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி, ரத்தம் பட்ட பஞ்சும் டிரெஸ்ஸிங்கும் மஞ்சள் பையில். டிரிப் செட், யூரின் பை, ஊசி இல்லாத சிரிஞ்ச், க்ளவுஸ் சிவப்பில். ஊசியும் பிளேடும் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில். கண்ணாடி மருந்துக் குப்பிகள் நீலத்தில். சாப்பாட்டு மிச்சமும் பேப்பரும் சாதாரணக் குப்பையில். பரீட்சைக்கு இது சுலபம். ஆனால் நீங்கள் ஊசி போடாவிட்டாலும் ஊசி உங்களைக் குத்தலாம், நான் பயப்படுவது அதற்குத்தான். அவசரத்தில் யாரோ விட்டுப்போன ஊசி விரிப்பின் மடிப்புக்குள் இருக்கும். பெட் போடும்போது விரிப்பை உதறாதீர்கள், வாரி அணைத்துத் தூக்காதீர்கள். ஓரத்திலிருந்து பார்த்துப் பார்த்துச் சுருட்டுங்கள். தலையணை உறைக்குள் கையை விட்டுத் துழாவாதீர்கள்.

குத்திவிட்டால்: ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம், ஸ்பிரிட் ஊற்ற வேண்டாம். உடனே டியூட்டரிடமும் இன்சார்ஜ் சிஸ்டரிடமும் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை சீக்கிரம், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. திட்டுவார்களோ என்று மறைத்துவிட்டு நான்காம் நாள் ஹாஸ்டலில் அழுத பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். தொற்றுள்ள ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வர வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று, ஹெபடைடிஸ் சி நூற்றில் மூன்றுக்கும் குறைவு, தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி நூற்றில் முப்பது வரை. எல்லோரும் எச்.ஐ.வி.க்குப் பயப்படுகிறார்கள், அதைப்போல நூறு மடங்கு வரை சுலபமாக ஒட்டக்கூடிய ஹெபடைடிஸ் பி-க்குத்தான் தடுப்பூசி இருக்கிறது. 0, 1, 6 மாதங்கள் என்று மூன்று தவணை. போஸ்டிங் தொடங்குமுன் முதல் இரண்டு தவணையாவது போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால் திங்கட்கிழமை கல்லூரி அலுவலகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

சிரிஞ்ச் விஷயத்துக்கு வருகிறேன். வார்டில் ஆள் பற்றாக்குறை உண்மையானது. ஒரு ஷிஃப்டில் ஒரு ஸ்டாஃப் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று முதல் நாளே உங்களுக்குத் தெரிந்துவிடும். வெள்ளையில் யார் நின்றாலும் "பாப்பா, அந்த டிரிப்ஸ மாத்திடு", "இந்த ஊசியப் போட்டுட்டு வா" என்று வரும். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. இந்தியாவில் நர்சிங் 1946-இல்தான் டெல்லியிலும் வேலூரிலும் பட்டப்படிப்பானது. அதற்கு முன்பெல்லாம் மாணவிதான் வார்டின் வேலையாள், வேலை செய்துகொண்டே கற்க வேண்டியதுதான். அந்தப் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

நீங்கள் சொல்ல வேண்டியது: "சிஸ்டர், எனக்கு இது இன்னும் லேப்ல முடியல. நீங்க போடும்போது பக்கத்துல நின்னு பாக்கலாமா?" குரலில் பணிவு இருக்கட்டும், வார்த்தையில் தடுமாற்றம் வேண்டாம். பத்தில் ஒன்பது பேர் "சரி வா" என்பார்கள், சில பேர் நின்று விளக்கவும் செய்வார்கள். ஒருவர் முகம் சுளிக்கலாம். அப்போது டியூட்டரைத் தேடுங்கள், அதற்குத்தான் நாங்கள் வார்டில் நிற்கிறோம். மாற்றாக, உங்களால் முடிந்ததை நீங்களாகவே கேளுங்கள்: "நான் எல்லாருக்கும் டி.பி.ஆர். எடுத்துடறேன் சிஸ்டர்." அவருக்கு முக்கால் மணி நேரம் மிச்சம். பெட் பான் வைப்பது, குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் அளந்து எழுதுவது, வாய் துடைத்துவிடுவது, ஊட்டிவிடுவது எல்லாம் உங்களுடைய வேலைதான், யாரும் உங்கள் தலையில் கட்டியதல்ல. பெட் பானைத் தொட அருவருப்பாக இருக்கும். இருக்கத்தான் செய்யும். முகத்தில் மட்டும் காட்டாதீர்கள், அந்த அம்மா உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

நோயாளிக்கான பராமரிப்புத் திட்டமாக நீங்கள் எழுத வேண்டிய கேர் பிளானுக்குப் போன வருடத்து அக்காவின் நோட்டு ஹாஸ்டலில் கிடைக்கும். கிடைத்தாலும் அதிலிருந்து எழுதாதீர்கள் என்று நான் சொன்னாலும் எழுதுவீர்கள். ஒரு வரியாவது உங்கள் நோயாளியைப் பார்த்து எழுதுங்கள். நாங்கள் அந்த ஒரு வரியைத்தான் தேடுகிறோம்.

தலைச்சுற்றல். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருவது உடலின் அனிச்சைச் செயல். இதயத்துடிப்பும் பிபியும் சட்டென்று இறங்குகின்றன, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. கோழைத்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் வகுப்பில் முதல் நாளே விழுந்தவர் இப்போது ஆபரேஷன் தியேட்டரில் சீனியர் ஸ்டாஃப். காலையில் ஏழரைக்கு வார்டு என்றால் பலர் ஹாஸ்டல் மெஸ்ஸில் வரிசை பார்த்து, சாப்பிடாமல் பஸ் ஏறுகிறார்கள். மயங்கி விழுபவர்களைக் கேட்டால் பெரும்பாலும் அந்தக் கதைதான். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். டிரெஸ்ஸிங்கைப் பார்த்து நிற்கும்போது முழங்காலை விறைப்பாக வைக்காமல் காலை மாற்றி மாற்றி நில்லுங்கள். காது அடைப்பது, வியர்ப்பது, கண் இருட்டுவது என்று உடல் முன்கூட்டியே சொல்லும். சொன்னதும் "மேம், எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுங்கள். வெளியே போய்விடலாம் என்று நடப்பவர்கள்தான் டிராலியில் தலையை இடித்துக்கொள்கிறார்கள். வரும் என்று தெரிந்தால் தொடை, வயிறு, கைத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கி விடுங்கள், பிபி கொஞ்சம் ஏறி நிற்கும். பார்க்கப் பார்க்க இந்த மயக்கம் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். முதல் நாளே டியூட்டரிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

கையில் எடுத்துப்போக வேண்டியது கொஞ்சம்தான். சின்ன பாக்கெட் நோட்டு, இரண்டு பேனா (ஒன்றை யாராவது டாக்டர் ரௌண்ட்ஸில் வாங்கிப் போய்விடுவார்), தண்ணீர், சத்தமில்லாத மூடிய காலணி. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மோதிரமும் வளையலும் ஹாஸ்டலில் இருக்கட்டும். அப்புறம் ஒரு வாட்ச், விநாடி முள் உள்ளது. செல்போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ஒரு கையில் போனும் மறு கையில் நாடியுமாக நிற்க முடியாது, பல இடங்களில் போனை வார்டுக்குள் விடவும் மாட்டார்கள். கை கழுவ வசதியாக மணிக்கட்டில் கட்டாமல் சட்டையில் குத்திக்கொள்ளும் வாட்ச் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. உங்கள் கல்லூரியில் எது என்று விசாரித்துவிட்டு சனிக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரூம்மேட் தூங்கியதும் அவர் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 20 வராது. பெரும்பாலும் பதினான்கோ பதினைந்தோ வரும்.